மழுங்கினால் மாற்றுவோம்

ஓசூர் சிப்காட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வண்டிகளில் 'டி.வி.எஸ். சுசூகி' என்று எழுதியிருக்கும். நான் இருந்தது அந்தப் பெரிய கம்பெனியில் அல்ல. அதற்குப் புஷ் என்ற உலோக வளையமும் பின்னும் கடைந்து கொடுத்த நாற்பது பேர் பட்டறையில். எனக்கு இன்ஸ்பெக்‌ஷன். துளையின் அளவு சரியா என்று பார்க்க இரண்டு அளவுக்கட்டைகள்: கோ கேஜ் உள்ளே போக வேண்டும், நோ-கோ கேஜ் போகக் கூடாது. டிராயிங்கில் இருக்கும் அளவு வேதவாக்கு. ஏன் அந்த அளவு என்று யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை புஷ்ஷின் உள்விளிம்பில் பிசிறு இருந்ததால் ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது. எங்கள் முதலாளி லேத் ஓட்டும் பையனை ஏசிக்கொண்டிருந்தார். பெரிய கம்பெனியிலிருந்து வந்த இளம் இன்ஜினியர் பையனைத் திரும்பியே பார்க்கவில்லை.

"லேத்துல வெட்டுற டூல் எப்போ மாத்துவீங்க?"

"மழுங்கினா மாத்துவோம் சார்" என்றார் சூப்பர்வைசர் அண்ணன்.

"மழுங்கிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

பிசிறு வந்தால்தான் தெரியும். அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் ஒவ்வொரு மெஷினிலும் ஓர் அட்டை தொங்கியது: இத்தனை உருப்படிக்கு ஒரு டூல். 2002இல் அந்தக் கம்பெனிக்கு தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசு கிடைத்தது என்று கேள்விப்பட்டபோது எனக்கு அந்த அட்டைதான் ஞாபகம் வந்தது.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கியது பஸ் தொழில். வண்டி ஓட்டிய குடும்பம் வண்டி செய்ய ஓசூருக்கு வந்து, 1980இல் இரண்டு பேர் உட்காரும் டி.வி.எஸ். 50 மொபெட்டை இறக்கியது. பால் கேனும் வாழைத்தாரும் ஏறிய வண்டி. சுசூகியின் தொழில்நுட்பத்தில் 100 சிசி பைக் வந்தது 1984இல்.

2001இல் அந்தக் கூட்டு பிரிந்தது. சுசூகியின் பங்கை இவர்களே வாங்கிக்கொண்டார்கள். 'ஜப்பான்காரன் போயிட்டா வண்டி ஓடுமா?' என்று டீக்கடையில் பேசினார்கள்; எங்கள் பட்டறையிலும்தான். நிறுவனரின் பேரன் வேணு சீனிவாசன் அப்போது தலைமையில் இருந்தார். மாதச் சம்பளத்துக்கு வந்த அதிகாரி ஒருவர் அந்தத் துணிச்சலைக் காட்டியிருப்பாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். அதே ஆண்டு தாங்களே வடிவமைத்த விக்டர் பைக் வந்தது; ஓடவும் செய்தது.

எங்களுக்கு மாறியது வேறொன்று. டிராயிங்கைக் கொடுத்துவிட்டு, "இந்த அளவை உங்க மெஷின் தாங்குமா?" என்று கேட்டார்கள். முதல் தடவை அண்ணன் பதில் சொல்லவே இல்லை. சோதிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

2013இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துடன் ஒப்பந்தமாகி, ஜி 310 பைக்குகளும் ஓசூரிலேயே தயாராயின. அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். கீரைக்கட்டு வாங்க இன்னும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டில்தான் வருகிறார். மார்க்கெட்டில் பார்த்தால், "புஷ் சத்தம் போடுதாண்ணே?" என்பேன்.

"மழுங்கினா மாத்திக்கலாம்டா" என்பார்.