மாங்குளத்துப் பழைய பங்களாவில் ஓர் இரவு

ஆகஸ்ட் 6, புதன்

வெள்ளி போயா, பௌர்ணமி விடுமுறை. தம்பிக்கும் லீவு, எனக்கும் லீவு. மாங்குளத்தில் ரயில் பாதை போட்ட காலத்துப் பங்களா ஒன்றை ஒரு குடும்பம் இரவு தங்கக் கொடுக்கிறது. அறையும் காலைச் சாப்பாடும். "பேய் இருக்காம் அக்கா, கட்டாயம் போகவேணும்" என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்கு வீட்டைப் பார்க்கத்தான் ஆசை. போர் நடந்த இந்த வன்னியில் நூறு வருசம் தாண்டிய வீடொன்று சுவரோடு நிற்பதே பெரிய விசயம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி, பின்னேரம்

யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில்தான் வந்தோம். 1905இல் கொழும்பு வரை முழுதாக ஓடத் தொடங்கிய பாதை இது. 1990இல் போரால் நின்றுபோனது. பிறகு தண்டவாளமும் அதைத் தாங்கும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்கு, பதுங்குகுழிகளுக்குப் போயின. கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தது 2013இல், யாழ்ப்பாணத்துக்கு அடுத்த வருசம்.

இடத்தைச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பாதை போட வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் காட்டுக்காய்ச்சலில் அங்கேதான் செத்தாராம். செத்திருக்கலாம். அந்தக் காலத்து வன்னி மலேரியாவுக்குப் பேர்போனது. காட்டை வெட்டிய கூலியாட்களும்தான் காய்ச்சலில் கிடந்திருப்பார்கள், ஆனால் பேய்க்கதைகளில் துரைமார் மட்டும்தான் வருகிறார்கள். இறக்கிவிடும்போது ஆட்டோக்காரர் இன்னொன்றும் சொன்னார்: "இப்ப துரையில்லை. ஒரு வெள்ளைச் சீலை. ராவில விறாந்தையில நடக்கும்."

வீடு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒன்றரை முழத்துக்கு மேல் கனமான சுவர், மூன்று பக்கமும் விறாந்தை, உள்ளே வெயில் தெரியவேயில்லை. கூரை மட்டும் புதுசு. 2008இல் இடம்பெயரும்போது தகரத்தையெல்லாம் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். மேற்குச் சுவரில் செல் சிதறல் பட்ட குழிகளைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். விறாந்தையில் ஒரு வாங்கு. முற்றத்துப் பங்கரிலிருந்து எடுத்த சிலிப்பர்க் கட்டை அது. தண்டவாள ஆணி இறங்கிய ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன, விரலை விட்டால் துரு ஒட்டுகிறது.

வீட்டுக்கார அக்கா இரவுக்குக் குரக்கன் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் தந்தார். அப்படியொரு புட்டுச் சாப்பிட்டு எவ்வளவோ காலம். அவருடைய அம்மாவும் வந்து பக்கத்தில் இருந்தார், அதிகம் பேசவில்லை. தம்பி பேயைப் பற்றிக் கேட்டான். அக்கா சிரித்துவிட்டு, "சாப்பிடுங்கோ தம்பி" என்றார். அம்மா எழுந்து போய்விட்டார்.

அதே இரவு

நித்திரை இல்லை. சோளகம் தகரத்தை அடித்துக்கொண்டேயிருந்தது. நடுவில் கூரைக்கு மேல் ஏதோ திடுதிடுவென்று ஓடியது. தம்பி போனில் பதிவுசெய்துகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டான். அது மரநாய். எங்கள் அம்மம்மா வீட்டிலும் இப்படித்தான் ஓடும்.

இரண்டு மணியளவில் கேட்டது வேறு சத்தம். விறாந்தையில் காலடி. மெதுவாக, ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு, பிறகு திரும்பவும். விறாந்தை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, மறைக்க என்ன இருக்கிறது. யன்னலைத் திறந்தேன். வீட்டுக்கார அம்மா வெள்ளைச் சீலையோடு நின்றார்.

"நித்திரை வரேல்லையோ பிள்ளை?"

நான் போய் வாங்கில் இருந்தேன். தம்பியும் வந்தான். அவர் தானாகத்தான் சொன்னார். மகனைக் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், சனம் இராணுவப் பக்கம் கடந்துபோன வட்டுவாகலில். அவன் வருவான் என்று படலையைப் பூட்டுவதில்லை, விளக்கை அணைப்பதில்லை. சத்தம் கேட்டால் எழும்பி நடப்பார்.

"துரையைப் பற்றிச் சனம் என்னவும் கதைக்கட்டும். இப்ப என்ர பிள்ளைதான் இஞ்ச ஆவியா நடக்கிறான் எண்டு சொல்லுதுகள். செத்தவையெல்லோ ஆவியா வருவினம்? அவன் வந்தா படலையைத் திறந்துகொண்டு நேர வருவான்."

தம்பி போனை எப்போதோ அணைத்துச் சாரத்து மடிக்குள் வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் அக்கா மிச்சத்தைச் சொன்னார். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னபோது அம்மா கதிரையை விட்டு எழுந்து வந்துவிட்டாராம். கணவருக்குத் திவசம் தவறாமல் செய்கிறார். மகனுக்கு இல்லை. அவனுடைய பிறந்தநாளில் கோயிலில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை, உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது போலவே. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து, உடம்பு இடங்கொடுக்கும்போதெல்லாம் பஸ் ஏறிப் போய் அவர்களோடு இருந்துவிட்டு வருவாராம்.

பேய் வீடு என்று விளம்பரம் செய்தால் வெளிநாட்டுச் சனம் நிறைய வரும் என்று யாரோ அக்காவுக்கு ஆலோசனை சொன்னார்களாம். அவர் மாட்டேன் என்றுவிட்டார். காசு தேவையில்லாமல் இல்லை. கூரைக்கு எடுத்த கடன் இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்கோ, எழுதுங்கோ. ஆரும் கண்டவை வாசிக்கக்கூடும்" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேயைக் கண்டாயா என்று காலையிலிருந்து எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள். தம்பி அந்தப் பதிவை எங்கேயும் போடவில்லை. காற்றும் மரநாயும் இருக்கும் துண்டை வைத்துக்கொண்டு, காலடிச் சத்தத்தை அழித்துவிட்டான்.

மாங்குளம் பக்கம் போகிறவர்கள் தாராளமாக அங்கே தங்குங்கள். கிழக்குப் பக்க அறையைக் கேளுங்கள், காற்றுக் குறைவு. அம்மாவிடம் பேய்க்கதை கேட்க வேண்டாம். மகனைப் பற்றிக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் எறிந்த ஈட்டியிலிருந்து தொடங்கிச் சொல்லுவார்.