நட்புப் போட்டியில் போன முழங்கால்

கால்பந்து சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டங்களில் ஸ்கோர் எதுவானாலும் சரி, எல்லோரும் நல்லபடியாக நடந்து வெளியே வந்தால் போதும் எனக்கு.

2023 ஆகஸ்ட்டில் சிகாகோவில் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் அணியுடன் எங்கள் செல்சி அணி ஆடியதை விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எங்கள் முன்வரிசை வீரர் இன்குன்கு முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். கையில் இருந்த காபி அப்படியே ஆறிப்போனது. முந்தைய சீசனில் லைப்சிக் அணிக்காக ஜெர்மன் லீக்கான பண்டஸ்லிகாவில் 16 கோல் அடித்தவர். அவரை நம்பித்தான் எங்கள் முன்வரிசையே இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் தற்காப்பு வீரர் ஃபொஃபானாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. பாவம், அவருக்கு அந்த சீசனே போயிற்று.

இன்குன்கு டிசம்பரில்தான் திரும்பினார். அதே மாதம் உல்வ்ஸ் அணியிடம் நாங்கள் தோற்ற ஆட்டம், கடைசி நேரத்தில் தலையால் முட்டி ஒரு கோல். தோற்ற வருத்தத்திலும் கண் கலங்கிவிட்டது.