பெட்டியில் 64 சாமான், 27 மட்டும் இல்லை

பொழுது சாய ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஜல்லிக்கல் பரவிக் கிடந்த மேட்டு நிலம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரம்கூட இல்லை. பைக்கின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் சப்பென்று தரையோடு ஒட்டிக் கிடந்தது.

எனக்குக் கொஞ்சமும் கவலையில்லை. சைடு பெட்டியில் 64 சாமான்கள் அடங்கிய டூல் கிட் இருந்தது. திறந்தால் நகைப்பெட்டி மாதிரி பளபளக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குழி. டயரை நெம்பிக் கழற்றும் லீவர் மூன்று, புது டியூப், பம்பு எல்லாம் கையில் இருக்கின்றன. துணியை விரித்துக் கடை பரப்பிவிட்டு, பின் சக்கரத்தின் அச்சைப் பிடித்திருக்கும் ஆக்ஸில் நட்டுக்கு இருப்பதிலேயே பெரிய சாக்கெட்டை எடுத்து வைத்தேன். மேலேயே நின்றது. சாக்கெட் 19 மி.மீ. நட்டு 27.

நன்றாக இருட்டிய பிறகு ஒரு லாரி வந்தது. ஓட்டுநரிடம் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ ஸ்பானர் இருந்தது. அதன்மேல் ஏறி நின்றுதான் நட்டை அசைக்க முடிந்தது. கடைசியாக சர்வீஸ் செய்தவர் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கி அனுப்பியிருந்தார். லாரிக்காரர் டார்ச் வெளிச்சத்தில் என் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பைக்கின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன் சக்கரத்தில் ஆரம்பித்து நம்பர் பிளேட் வரை, வழியில் நான் கழற்ற வேண்டி வரக்கூடிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் எது பொருந்துகிறது என்று எழுதினேன். பிரேக் காலிபர், சீட், பேட்டரி முனை, கண்ணாடி, ஹேண்டில்பார், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், ஆயில் வடிக்கும் போல்ட், ஸ்பார்க் பிளக். மூன்று சாயங்காலம் பிடித்தது. முடித்தபோது எண்கள் அரைப்பக்கத்துக்கு மேல் வரவில்லை. ஸ்பானரில் 8, 10, 12, 14, 17. அறுகோணக் குழி போல்ட்டுக்கான ஆலன் கீயில் 4, 5, 6, 8. முன் ஆக்ஸிலுக்கு 19 அளவில் அறுகோணக் கட்டை, பின் ஆக்ஸிலுக்கு அந்தப் பாழாய்ப்போன 27. கூடவே ஸ்பார்க் பிளக்குக்கு ஒரு சாக்கெட். அவ்வளவுதான். 64-ல் 40-க்கும் மேல் என் பைக்கில் எந்த இடத்திலும் பொருந்தாத உருப்படிகள். அதையெல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுமந்திருக்கிறேன்.

இந்த வேலையை வேறு யாரும் நமக்காகச் செய்து தர முடியாது. பைக்குக்குப் பைக் எண்கள் மாறும். 8 மி.மீ. கனமுள்ள போல்ட்டுக்கு ஜப்பானிய பைக்கில் பெரும்பாலும் 12 ஸ்பானர் வேண்டும். ஐரோப்பிய பைக்கில் அதே போல்ட்டின் தலை 13 ஆக இருக்கும். பி.எம்.டபிள்யூ வைத்திருப்பவர்களுக்கு நட்சத்திர வடிவ டார்க்ஸ் முனைகள் இல்லாமல் வேலை ஓடாது. ஜப்பானிய பைக்குகளின் பிளஸ் ஸ்க்ரூவில் இன்னொரு வம்பு. பார்வைக்கு சாதாரண பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் வரும் வேறு வெட்டு. தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் அதுதான். பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் அடிவரை இறங்காது. அழுத்தித் திருப்பினால் மேலேறி வந்து தலையை மழித்துவிடும்.

அப்புறம் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். நோட்டில் எழுதியதை மட்டும் ஒரு சின்னப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஒரு வருடம் பைக்கில் எந்த வேலை செய்தாலும் அந்தப் பையில் இருக்கும் சாமானை வைத்துத்தான் செய்ய வேண்டும். வீட்டிலிருக்கும் பெரிய டூல் பெட்டிக்கு ஓடினால், எதற்காக ஓடினேன் என்று நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் தெரியாத பல விஷயங்கள் இதில்தான் வெளியே வந்தன. ஸ்பார்க் பிளக் ஆழத்தில் இருப்பதால் சாக்கெட் மட்டும் போதாது, நீட்டுக்கம்பியும் வேண்டும். சில இடங்களில் போல்ட்டை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது, அதனால் ஒரே அளவில் ஒரு சாக்கெட்டும் ஒரு ஸ்பானரும் தேவை. 14 ரிங் ஸ்பானர் ஒரு வருடம் பையைவிட்டு வெளியே வரவே இல்லை, சாக்கெட்டே போதுமாக இருந்தது. ஸ்பானரை வீட்டில் விட்டுவிட்டேன்.

சாக்கெட் விஷயத்தில் எனக்கு இப்போது பிடிவாதம் உண்டு. உள்ளே ஆறு முனை உள்ளதாகத்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் மாட்டச் சுலபம், ஆனால் துருப்பிடித்த, ஏற்கெனவே யாரோ கைவைத்த போல்ட்டில் அது மூலைகளைத் தேய்த்து வட்டமாக்கிவிடும். சாக்கெட்டை மாட்டித் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டின் சதுர முனை கால் அங்குலமா, 3/8 அங்குலமா என்று கேட்டால் நான் 3/8 கட்சி. கால் அங்குலம் கைக்கு அடக்கம்தான், பேட்டரி, பேனல் வேலைக்கு அது போதும். ஆனால் சஸ்பென்ஷன், ஸ்ப்ராக்கெட் பக்கம் போனால் உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து திருப்ப வேண்டியிருக்கும்.

ஆக்ஸில் நட்டை மட்டும் ராட்செட்டிடம் ஒப்படைக்காதீர்கள். பின் ஆக்ஸிலை முடுக்கும் திருகு விசை பல பைக்குகளில் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். பைக்கோடு சீட்டுக்கு அடியில் கொடுக்கும் ஸ்பானரின் கைப்பிடி 15 செ.மீ. என்றால், அதன் முனையில் கிட்டத்தட்ட 68 கிலோ எடை இறங்க வேண்டும். 25 செ.மீ. கைப்பிடியில் அதுவே 41 கிலோ. முதலாவதற்கு ஏறி நிற்க வேண்டும், இரண்டாவதற்குக் கையை ஊன்றி அழுத்தினால் போதும். ஒரு முனை டயர் லீவராகவும் மறுமுனை ஆக்ஸில் நட்டுக்கான ரிங்காகவும் இருக்கும் சாமான் கிடைக்கிறது. 27-ல் ஒன்று வாங்கினேன். இரண்டு வேலைக்கு ஒரே எடை. என் பையில் அதிகம் யோசித்து வாங்கிய பொருள் அதுதான்.

சரி, டயருக்கு வருவோம். வழியில் அடிக்கடி கோளாறு வருவது அங்கேதான். டியூப்லெஸ் டயர் இருந்தால் பாக்கியசாலி. துளையை அரத்தால் குடைந்து, பசை தடவிய ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துக் கிளம்பிவிடலாம். என்னுடையது ஸ்போக் சக்கரம், முன்னால் 21 அங்குலம், பின்னால் 18, உள்ளே டியூப். லீவர், பஞ்சர் ஒட்டும் சாமான், வால்வு கழற்றி, பம்பு, இவை இல்லாமல் கிளம்ப முடியாது. ஸ்பேர் டியூப் ஒன்றுதான் எடுத்துப்போக இடம் என்றால் முன் சக்கரத்து 21 அங்குல டியூபை எடுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்னால் மடித்துத் திணித்து ஓட்டிவிடலாம்.

புது டியூபை நானே ஓட்டை போட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். அது இன்னொரு பயணம், நல்ல வெயில். டயரைக் கழற்றி டியூபை மாற்றி, திரும்ப மாட்டும்போது டயரின் கடைசி ஒரு சாண் மட்டும் சக்கரத்தின் விளிம்புக்குள் (ரிம்) இறங்க அடம்பிடித்தது. லீவரை ஆழமாக விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். டப்பென்று உள்ளே விழுந்தது. காற்றடித்தால் உஸ்ஸ் என்று சத்தம். லீவர் நுனி டியூபை விளிம்போடு சேர்த்துக் கடித்துவிட்டது. பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. பலம் போதவில்லை என்று நினைத்திருந்தேன். உண்மையில் பலமே தேவைப்படக் கூடாத வேலை அது. விளிம்பின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் டயரை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் இந்தப் பக்கம் தானாகத் தளர்ச்சி கிடைக்கும். டியூபை உள்ளே வைக்கும் முன் லேசாகக் காற்றடித்து உருண்டையாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மடிந்துபோய் லீவரிடம் மாட்டும். மாட்டி முடிப்பது வால்வு இருக்கும் இடத்தில். அங்கே டியூப் குறுக்கே நிற்பதால் டயர் பள்ளத்தில் இறங்காது, அதனால் அங்கே ஆரம்பித்தால் கடைசியில் எதிர்ப்பக்கம் திண்டாட வேண்டும். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் பாதிச் சண்டை குறையும்.

அன்று இருந்த ஒரே டியூபையும் கடித்துவிட்டதால் ஒட்டுப்போட உட்கார்ந்தேன். பசைக் குழாயைப் பிதுக்கினால் காற்றுதான் வந்தது. எப்போதோ ஒருமுறை திறந்து மூடியது, உள்ளேயே காய்ந்துபோயிருக்கிறது. நல்லவேளை, அடியில் திறக்காத குழாய் இன்னொன்று கிடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் புதுசு. திறந்ததை வீட்டுக்கு வந்ததும் தூக்கிப் போட்டுவிடுவேன்.

காற்றுக்கு, பேட்டரியில் ஓடும் குட்டி கம்ப்ரெஸர் வைத்திருக்கிறேன், அது செத்தால் சைக்கிள் பம்பு. கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை ஒரு காலத்தில் நம்பினேன். 16 கிராம் குப்பி கையில் அடங்கும்தான், ஆனால் பெரிய பின் டயருக்கு இரண்டு மூன்றாவது வேண்டும். மேலே சொன்ன மாதிரி டியூபைக் கடித்துவைத்தால் அத்தனையும் காற்றோடு போச்சு.

செயினுக்கு வெட்டும் கருவியை நான் எடுத்துப் போவதில்லை. இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் உண்டு. புது செயின், புது ஸ்ப்ராக்கெட்டோடு கிளம்பினால் அது அறுவதற்கு வாய்ப்பு குறைவு. ஆனால் ஒரு இணைப்புக் கண்ணி கட்டாயம் இருக்கும். செயினில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 520-க்கும் 525-க்கும் கண்ணி நீளம் ஒன்றே, அகலம் வேறு, மாற்றிப் போட முடியாது. கிளிப் வைத்த கண்ணி என்றால் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

மின்சார சாமான் கைப்பிடி அளவுதான். பியூஸ்கள் (10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை), ஒரு கஜம் வயர், இன்சுலேஷன் டேப், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மல்டிமீட்டர். கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் கேபிளுக்குப் பக்கத்திலேயே இரண்டாவதாக இழுத்து டேக் போட்டுக் கட்டிவிட்டேன். அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் முடிந்தது, டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை.

பூட்டிக்கொள்ளும் பிளையரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டவன் ஆவேன். ஒரு தடவை பாறைச் சரிவில் பைக் இடப்பக்கம் சாய்ந்து கியர் லீவர் ஒடிந்துவிட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டில் இந்தப் பிளையரைக் கடிக்கவிட்டுப் பூட்டினேன். அடுத்த ஒன்றரை நாள் அதுதான் கியர் லீவர். பூட்ஸ் நுனியில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு இடி, அவ்வளவுதான் கஷ்டம். எஞ்சின் உறையில் ஓட்டை விழுந்தால் அடைக்க எபாக்ஸி மாவுக் குச்சி ஒன்றும் வைத்திருக்கிறேன். இதுவரை பிரிக்க நேரவில்லை.

எல்லாம் சேர்த்து இப்போது 2.8 கிலோ. முன்பு ஆறுக்கு மேல். கடினமான பெட்டியை விட்டுவிட்டுத் துணியில் சுருட்டும் பைக்கு மாறினேன். இரும்போடு இரும்பு உரசி, அலுமினியப் பெட்டியில் கரி மாதிரித் தூள் படிவதும் நின்றது. சுருட்டு எஞ்சினுக்கு முன்னால், கீழே, காவல் தகட்டை ஒட்டி இருக்கிறது. எடை கீழே இருப்பது நல்லதுதான். அதைவிட, மழையில் சாமான் மூட்டையை அவிழ்க்காமல் டூலை எடுக்க முடிகிறதே, அதற்காகவே அங்கே வைத்தேன்.

போன பயணத்தில் வழியோரம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பின் டயர் பஞ்சர், பக்கத்தில் பெரிய டூல் பெட்டி திறந்து கிடக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய ஆக்ஸில் நட்டு 32. அவரிடம் இல்லை, என்னிடம் இருப்பது 27. ஆணி குத்திய இடம் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. பைக்கைத் தூக்கி நிறுத்தி, செயின் இல்லாத பக்கம் டயரின் ஓரத்தை மட்டும் விளிம்பிலிருந்து பெயர்த்து, ஆணி இருந்த இடத்தில் டியூபை ஒரு முழம் வெளியே இழுத்து, சுரண்டி, பசை தடவி, காயவிட்டு, ஒட்டுப்போட்டு உள்ளே தள்ளினோம். முக்கால் மணி நேரம் ஆனது.

பம்பு அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அந்த மேட்டு நிலத்தில், அன்றைக்கும் ஆணி டயரிலேயேதான் இருந்தது. 27 இல்லாமலே இதைச் செய்திருக்கலாம். லாரிக்காரரின் பார்வையும் மிச்சமாகியிருக்கும்.

கிளம்பும் முன் அவர் தன் பின் ரேக் போல்ட் தளர்ந்திருப்பதைப் பார்த்து முடுக்கிக்கொண்டார். கை குலுக்கிப் பிரிந்தோம். இரவு சுருட்டை விரித்து எண்ணிப் பார்த்தால் அதில் ஒரு குட்டி உறை காலி. 10 மி.மீ. சாக்கெட் அவரோடு போய்விட்டது.