தவக்கால வெள்ளியும் சிகாகோ முட்டை சான்ட்விச்சும்

சேலம் அரிசிப்பாளையத்தில் வளர்ந்த எனக்கு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் வெள்ளி என்றால் குழந்தை இயேசு பேராலயத்தில் சிலுவைப்பாதை, அது முடிந்ததும் தட்டுவடை செட். அன்றைக்குச் சுத்தபோசனம், கறி கிடையாது. தள்ளுவண்டி அண்ணன் ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, பச்சைச் சட்னியும் பூண்டுக் காரச் சட்னியும் தடவிக் கொடுப்பார். வடை சட்னியில் நனைய வேண்டும், ஆனால் நமத்துப் போகக் கூடாது. கைக்கு வந்ததும் வாயில் போட்டுவிட வேண்டும்.

வேலைக்காகச் சிகாகோவில் இருந்தபோது, மார்ச் மாத வெள்ளி ஒன்றில் அலுவலக நண்பர் என்னை 'இட்டாலியன் பீஃப்' கடைக்குக் கூட்டிப்போனார். அந்த ஊரின் அடையாளமே இந்த சான்ட்விச்தான். அல் ஃபெரேரி குடும்பம் 1938-ல் சின்னதாகத் தொடங்கிய 'அல்ஸ் பீஃப்' இன்று பல கிளைகளோடு இருக்கிறது. பிழைக்கப் போன இத்தாலியர்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஆள் அதிகம், கறி கம்மி. மலிவாகக் கிடைத்த முரட்டு மாட்டுக்கறியை நிதானமாக வேகவைத்து, காகிதம் போலச் சீவி, சாற்றில் ஊறவைத்து எல்லோருக்கும் எட்டும்படி செய்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். பந்தியில் ஆள் கூடினால் என் அம்மா குழம்பில் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றுவது எனக்கு ஞாபகம் வந்தது.

சாறு எவ்வளவு வேண்டும் என்பதை 'டிரை', 'வெட்', 'டிப்ட்' என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். டிப்ட் என்றால் ரொட்டியை முழுசாகச் சாற்றில் முக்கித் தருவார்கள். அப்படி முக்கியும் பிய்ந்து போகாத ரொட்டிதான் அதன் உயிர்.

வரிசையில் நிற்கும்போதுதான் வெள்ளி என்று உறைத்தது. தயங்கினேன். சுவரில் 'பெப்பர் அண்ட் எக்' என்று ஒரு பலகை. முட்டையையும் குடைமிளகாயையும் வதக்கி நீள ரொட்டியில் வைப்பது. "தவக்காலத்துக்கு இதுதான்" என்றார் கல்லாவில் இருந்த பெண். கத்தோலிக்க இத்தாலியர்கள் கறி தொடாத வெள்ளிக்கு வைத்திருக்கும் சாப்பாடு! மேலே ஜியார்டினியேரா, அதாவது காலிஃபிளவர், கேரட், செலரி, மிளகாய் எல்லாம் எண்ணெயில் ஊறிய ஊறுகாய். முதல் கடியிலேயே எனக்குக் கண் கலங்கியது. காரத்தால் மட்டும் இல்லை.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அங்கயும் சுத்தபோசனம் இருக்காப்பா?"

"இருக்கும்மா. அவங்க ஊரு முட்டை செட்டு."

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு தவக்காலத்திலும் அந்த ஊறுகாயை நானே போடுகிறேன், செலரி மட்டும் இல்லாமல். ரொட்டிதான் அமையவில்லை. இங்கே கிடைக்கும் பன் இனிக்கிறது, எண்ணெய் பட்டதும் கரைந்து விடுகிறது. போன வெள்ளி அம்மா பன்னை ஒதுக்கி வைத்துவிட்டு, முட்டையையும் ஊறுகாயையும் ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் வைத்து நீட்டினார்.