அந்த ரோட்டு யாருடையது? நுவரெலியா மாவட்டத்தில் மனு எழுதும் முன்

தோட்டத்து ரோட்டில் பள்ளம் விழுந்தால் நாலு மனு போகும். பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒன்று, பிரதேச செயலாளருக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று, தோட்ட முகாமையாளரான துரைக்கு ஒன்று. நாலு இடத்திலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதில் மூன்று இடத்தில் "இது எங்களுக்குரியது இல்லை" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். மனு எவ்வளவு உருக்கமாக எழுதப்பட்டது என்பது பெரிய விஷயமில்லை. சரியான மேசைக்குப் போனதா என்பதுதான் விஷயம். அந்த மேசை எது என்று கண்டுபிடிக்க இந்த மாவட்டத்தின் மலையும் எல்லையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மலை. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைகிறதே, அந்தப் பக்கத்து முகடுகள்தான் இரண்டு பெரிய ஆறுகளின் நீரைப் பிரிக்கின்றன. டிக்கோயாப் பக்கம் விழும் மழை காசல்ரீ வழியாகக் கெஹெல்கமு ஓயாவில் இறங்கி, களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. கொட்டகலைப் பக்கம் விழுவது கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மழைக்காலமும் இதே போல இரண்டாகப் பிரியும். கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா பக்கம் வைகாசி தொடங்கித் தென்மேல் பருவமழை அடித்து ஊற்றும். வலப்பனை, ஹங்குராங்கெத்த பக்கம் அப்போது காய்ந்து காற்றடிக்கும். அங்கே பெரிய மழை கார்த்திகை முதல் தை வரை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கொங்கிரீட் ரோட்டுக்கு வரும்போது புரியும்.

அடுத்தது எல்லைகள். மாவட்டத்தில் உள்ளூராட்சி சபைகள் 12: நுவரெலியா மாநகர சபை, ஹட்டன்-டிக்கோயா நகர சபை, தலவாக்கலை-லிந்துலை நகர சபை, மீதி 9 பிரதேச சபைகள். முன்பு பிரதேச சபை ஐந்துதான் இருந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பகமுவ, நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவுகள் இரண்டிலும் தலா இரண்டு லட்சத்துக்கு மேல் சனம். ஐயாயிரம் பேர்கூட இல்லாத நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச சபை இருந்த நாட்டில்தான் இந்த நிலைமை. நெடுந்தீவுக்குச் சபை இருப்பது நியாயம், அது தீவு. இங்கே மலைக்கு மலை தாண்டி, பஸ் மாறி மாறி வரும் தொழிலாளிக்கும் அதே நியாயம் உண்டு என்று எத்தனையோ வருடம் கேட்க வேண்டியிருந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலுக்கு முன்பாக நுவரெலியா பிரதேச சபை நுவரெலியா, அகரபத்தனை, கொட்டகலை என்றும், அம்பகமுவ பிரதேச சபை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்றும் பிரிந்தன. கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை முன்பு போலவே இருக்கின்றன.

பிரதேச செயலகங்களும் ஐந்து பத்தாகின. தலவாக்கலை, நோர்வூட், கொத்மலை மேற்கு, மத்துரட்ட, நில்தண்டாஹின்ன புதியவை. ஆனால் சபைகளைப் பிரித்த கோடும் செயலகங்களைப் பிரித்த கோடும் ஒன்றல்ல. மஸ்கெலியாவுக்குத் தனிச் சபை உண்டு, தனிச் செயலகம் இல்லை. ஒரே தோட்டத்தின் மேல் டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு) ஒரு கிராம சேவகர் பிரிவிலும் கீழ் டிவிசன் இன்னொன்றிலும் இருப்பது இங்கே சாதாரணம். ஆகவே மனுவில் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. டிவிசன், கிராம சேவகர் பிரிவின் பெயரும் இலக்கமும், தேர்தல் வட்டாரத்தின் பெயர் மூன்றும் முதல் பந்தியிலேயே வர வேண்டும். நகரத்தை ஒட்டியிருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஹட்டன் டவுனில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பல நகர சபை எல்லைக்கு வெளியே இருப்பவை.

பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றென்று நினைத்து அலைபவர்கள் இன்னும் நிறையப் பேர். சபை நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது. கடைசியாக 2025 மே 6 அன்று தெரிவு செய்தோம். உள் வீதி, தெரு விளக்கு, குப்பை, சந்தை, மயானம், கட்டட அனுமதி எல்லாம் அதன் வேலை. செயலகம் மத்திய அரசாங்கத்தின் அலுவலகம். காணி, பிறப்பு இறப்புப் பதிவு, நிவாரணம், அடையாள அட்டைக்கான வேலைகள் அங்கே. கிராம சேவகர் செயலகத்தின் ஆள், சபையின் ஆள் இல்லை. விளக்கு எரியவில்லை என்று அவரிடம் போய்ப் பலனில்லை. மண் சரிந்தால் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். அவருடைய அறிக்கை இல்லாமல் நிவாரணம் நகராது.

இனி ரோட்டுக்கு வருவோம். கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் ஏ-5, அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக வரும் ஏ-7, இவற்றோடு பீ தர வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாண சபையின் வீதித் துறைக்கு. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013-ல். 2018-க்குப் பிறகு தெரிவான உறுப்பினர்கள் அங்கே இல்லை, அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். எனவே அந்த ரோட்டுக்கு அரசியல்வாதியைத் தேடாமல் பொறியியலாளர் அலுவலகத்துக்கே எழுதுங்கள். அதற்குக் கீழே பிரதேச சபை வீதிகள். எல்லாவற்றுக்கும் கீழே தோட்ட வீதி.

தோட்ட வீதிதான் சிக்கல். அது ஓடுகிற நிலம் அரசாங்கத்தினுடையது. 1992-க்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் கம்பனியின் நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. 1987-ம் ஆண்டின் 15-ம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33-ம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைப் போட முடியாது என்று முப்பது வருடம் சொல்லி வந்தார்கள். வாக்கு நம்முடையது, உறுப்பினரும் நம்முடையவர், சபையின் பணம் மட்டும் லயத்து வாசலில் நின்றுவிடும். 2018-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை வேலை செய்யலாம். இன்றும் யாராவது பழைய கதையைச் சொன்னால் "2018 திருத்தத்தின்படி" என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

ஆனால் நிலம் தோட்டத்தின் கையில் இருக்கும்வரை நிர்வாகத்தின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் தொழில்நுட்ப உத்தியோகத்தர் டேப் பிடிக்க மாட்டார். பல வேலைகள் நின்று போவது இந்த ஒரு கடிதத்துக்காகத்தான். துரை "பிரச்சினையில்லை, செய்யுங்கள்" என்று வாயால் சொல்வார். அடுத்த மாதம் மாற்றலாகிப் போய்விடுவார். கடிதத்தில் டிவிசன், ரோட்டின் தொடக்கம், முடிவு, நீளம், அகலம் நாலும் இருக்க வேண்டும், திகதியும் தோட்ட முத்திரையும் விழ வேண்டும். புதிய வீட்டுத் திட்டங்களில் இன்னொரு ஓட்டை. 7 பேர்ச் காணியில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 1,906 சதுர அடி. வீடு குடும்பத்துக்கு என்று ஆனது. வீடுகளுக்கு நடுவே போகும் பாதையைப் பல இடங்களில் யாரும் சபைக்குக் கையளிக்கவில்லை. சபையின் வீதிப் பதிவேட்டில் அது ஏறியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஏறாத பாதையைத் திருத்தச் சொல்வதற்கு முன், அதை ஏற்றச் சொல்லி எழுத வேண்டும்.

பணம் ஒதுக்கிய பிறகு வேலை கெட்டுப் போவதற்கும் காரணங்கள் இருக்கின்றன. 100 மீற்றர் நீளம், 8 அடி அகலம், 5 அங்குலத் தடிப்பு என்று ஒரு கொங்கிரீட் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணளவாக 31 கன மீற்றர் கொங்கிரீட். சீமெந்து, மணல், கல் 1:2:4 என்ற கலவையில் 190 மூட்டைக்குக் கிட்ட சீமெந்து போகும். 5 அங்குலத்தை 4 அங்குலமாகக் குறைத்தால் 38 மூட்டை மிச்சம். மேலே நின்று பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. முதல் கொழுந்து லொறி ஏறும்போது தெரியும். கொட்டுவதற்கு முன் பக்கப் பலகையின் உயரத்தை அளந்தால் போதும், எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. மதிப்பீட்டின் பிரதி கையில் இருக்கட்டும்.

தடிப்பு சரியாக இருந்தும் ரோட்டு உடைகிறது என்றால் கானைப் பாருங்கள். மலைப் பக்கம் வடிகான் வெட்டாமல் போட்ட கொங்கிரீட்டின் அடியில் தண்ணீர் நுழையும், மண் கரையும், கொங்கிரீட் மட்டும் அந்தரத்தில் நிற்கும். மதிப்பீட்டில் பணம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது கான்தான். என் கருத்தில் 100 மீற்றரைக் கானில்லாமல் போடுவதைவிட 70 மீற்றரைக் கானோடு போடுவது மேல். சரிவில் மூன்று, நாலு மீற்றருக்கு ஒரு மூட்டு (இடைவெளி) விட வேண்டும். மேல்பரப்பை ஈரத்திலேயே விளக்குமாற்றால் குறுக்கே கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பனிக்காலத்தில் முச்சக்கர வண்டி வழுக்கும். ஒரு கிழமையாவது ஈரச் சாக்கு போட்டு நனைக்க வேண்டும், வாகனம் ஏறவிடக் கூடாது.

மழைக்கணக்கு இங்கேதான் வருகிறது. ஒதுக்கீடு வருட நடுவில் வரும், கொந்தராத்து ஆவணிக்குப் பிறகு முடிவாகும், டிசம்பர் 31-க்குள் செலவைக் காட்ட வேண்டும். அதாவது ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கொங்கிரீட் கொட்டுவார்கள். மழைநீர் கலந்த கொங்கிரீட்டின் மேல் மணல் பூத்து உதிர்வதை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கலாம். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தை முதல் மாசி முடியும்வரை நல்ல காலம். வலப்பனைப் பக்கம் ஆடி, ஆவணி. இந்தக் காலத்தில் வேலை நடக்க வேண்டுமென்றால் மனு முந்தின வருடமே போக வேண்டும். சபையின் வரவு செலவுத் திட்டம் வருட முடிவுக்குள் நிறைவேறும். அதற்கான முன்மொழிவுகள் செப்டம்பர், ஒக்டோபரிலேயே சேரத் தொடங்கும். தை மாதம் கொண்டுபோய்க் கொடுக்கும் மனு, அந்த வருடப் பணம் பங்கு போட்டு முடிந்த பிறகு போகும் மனு.

தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான லயங்களுக்குத் தண்ணீர் மேல் மலை ஊற்றிலிருந்து பீலிக்கோ தொட்டிக்கோ வருகிறது. அந்த ஊற்று இன்னொரு டிவிசனிலோ வனத் திணைக்களத்தின் காட்டிலோ இருந்தால் அனுமதியும் அங்கிருந்துதான் வாங்க வேண்டும். குழாய் போடும்போது அடிக்கடி நடக்கும் பிழை அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காதது. 600 வகை பீ.வீ.சி. குழாய் 60 மீற்றர் உயரத்துத் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் தாங்கும். 120 மீற்றர் கீழே இருக்கும் லயத்துக்கு நேராக இறக்கினால், இரவில் எல்லோரும் பைப்பை மூடிய நேரம் குழாய் வெடிக்கும். நடுவே ஒரு அழுத்தம் முறிக்கும் தொட்டி கட்டினால் போதும். குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று அடைபட்டுத் தண்ணீர் நின்றுவிடும். அங்கே காற்று வால்வு வேண்டும். ஊற்றுக்கு மேலே மரக்கறித் தோட்டம் போட்டிருந்தால் எருவும் மருந்தும் மழையோடு இறங்கும். அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுத்தில் கொடுங்கள்.

மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். இந்த மாவட்டத்தின் பழைய ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளும் 1999-ல் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. பதிலைத் தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல. நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் போடுங்கள். தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கம், கோயில் கமிட்டி எல்லோரும் கையெழுத்து வைத்த ஒரே மனு, தனித்தனியாகப் போகும் பத்து மனுவைவிடப் பலமானது. சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊர்வாசிகளையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. தொழில்நுட்ப சேவைகள் குழுவில் தோட்டத்திலிருந்து ஒருவர் இருந்தால் கானைப் பற்றி யாராவது பேசுவார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள். கேட்காததால்தான் அந்த நாற்காலிகள் காலியாக இருக்கின்றன.

பதிலே வராவிட்டால் 2016-ம் ஆண்டின் 12-ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "ஏன் ரோட்டு போடவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு எந்தப் பதிலையும் எழுதலாம். இன்ன வீதி எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, இந்த வருடம் இன்ன வட்டாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, மதிப்பீட்டின் பிரதி, கொந்தராத்து ஒப்பந்தத்தின் பிரதி என்று ஆவணத்தைக் கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அவரும் மறுத்தால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கேட்டால் சொல்லாமலே இருக்கலாம்.