அந்த இரண்டு கிலோ ஈயம்

"இறங்க மாட்டேங்குதா? இன்னும் ரெண்டு கிலோ போடுங்க." எந்த ஸ்கூபா டைவ் படகில் ஏறினாலும், தண்ணீரில் அமிழ முடியாதவருக்கு ஈயக் கட்டியைக் கூட்டும் இதே வைத்தியம்தான். எரிச்சலாக வருகிறது! ஒரு கிலோ ஈயம் கூடினால், அதைத் தாங்க பி.சி.டி.க்குள் (மிதப்பைக் கூட்டிக் குறைக்க உடம்பில் மாட்டும் காற்றுச் சட்டை) சுமார் ஒரு லிட்டர் காற்று கூடுதலாக அடிக்க வேண்டும். அந்தக் காற்று சும்மா இருக்காது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 பார், 10 மீட்டரில் 2 பார். அங்கிருந்து இங்கே ஏறினால் அதே காற்று ஒன்றரை மடங்காக வீங்கும், நம்மையும் மேலே இழுக்கும். பயந்துபோய் காற்றை வெளியே திறந்துவிட்டால் தொப்பென்று கீழே. இப்படி ஏறி இறங்கியே சிலிண்டர் காலியாகிறது. மற்றவர்கள் பவளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நம் டைவ் பாதியில் முடியும். பணம் மட்டும் முழுசு.

ஆகவே இறங்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்து எடையைச் சோதியுங்கள். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் கருவி) வாயில் இருக்கட்டும். பி.சி.டி.யை முழுக்கக் காலி செய்து, காலை ஆட்டாமல் நிமிர்ந்து மிதக்கவும். சாதாரணமாக மூச்சை இழுத்து ஒரு கணம் நிறுத்தினால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக அமிழ வேண்டும். பலர் காலை உதைத்துக்கொண்டே "இறங்கலை" என்பார்கள். அது ஈயக் குறை இல்லை, பதற்றம்.

சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது சோதித்தால், பிறகு சுமார் 2 கிலோ சேர்க்கலாம். 11 லிட்டர் சிலிண்டர் 200 பாரிலிருந்து 50க்கு வரும்போது ஏறக்குறைய அவ்வளவு எடைக் காற்று செலவாகிவிடும். நியாயமான இரண்டு கிலோ இது ஒன்றுதான்.

ஊருக்கு ஊர் வாடகைச் சாமான் மாறும், கணக்கும் மாறும். தடித்த வெட்சூட்டுக்கு (குளிர் தாங்கும் ரப்பர் உடை, தானே மிதக்கும்) ஈயம் கூடும். அலுமினிய சிலிண்டருக்குப் பதில் ஸ்டீல் கொடுத்தால் குறையும். ஏரியிலிருந்து கடலுக்குப் போனால், ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் சுமார் இரண்டரை கிலோ கூட வேண்டும். இதையெல்லாம் லாக் புக்கில் (டைவ் குறிப்பேடு) எழுதி வைக்காதவர்கள்தான் படகுக்காரர் நீட்டுவதை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

எடை சரியானாலும் உடம்பு சாய்ந்திருந்தால் எல்லாம் வீண். இடுப்பு பெல்ட்டிலேயே மொத்த ஈயமும் இருந்தால் கால் தொங்கும், தலை தூக்கும். அந்தச் சாய்வில் உதைக்கும் ஒவ்வொரு உதையும் ஆளை முன்னால் மட்டுமல்ல, மேலேயும் தள்ளும். அதைச் சரிக்கட்ட காற்றை வெளியேற்றுவார், கனம் கூடும், நிற்காமல் உதைத்தே ஆக வேண்டும். மிதப்பு சரியாக இருப்பதாக அவர் நினைப்பு. ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பு) ஆட்டாமல் பத்து விநாடி நின்றால் குட்டு வெளிப்படும். (தரையை உழுது மணலைக் கிளப்புகிறவரும் இவரே.)

பெல்ட்டிலிருந்து 1 அல்லது 2 கிலோவை எடுத்து சிலிண்டர் பட்டையில் கோத்து, தோள் பக்கம் ஏற்றிப் பாருங்கள். அப்படியும் கால் தொங்கினால் சிலிண்டரையே பட்டையில் சில சென்டிமீட்டர் தலைப் பக்கம் உயர்த்தலாம். ஆனால் தலையை நிமிர்த்தும்போது வால்வில் இடிக்கக் கூடாது. முழங்காலை 90 டிகிரிக்கு மடக்கி, தொடையை உடம்போடு நேராக வைத்து, கைகளை முன்னால் நீட்டி, பார்வையை முன்னால் வையுங்கள். படுக்கை நிலையில் பி.சி.டி. காற்று, அதை நிரப்பும் இன்ஃப்ளேட்டர் குழாய் வழியாகச் சரியாக வெளியேறாது. இடுப்புப் பக்கத்து டம்ப் வால்வை (காற்றை வெளியேற்றும் வால்வு) இழுக்க வேண்டும்.

நுணுக்கமான ஏற்ற இறக்கத்துக்கு நுரையீரலே போதும். மூச்சை இழுத்ததும் உடம்பு உடனே ஏறாது, ஓரிரு விநாடி பிடிக்கும். அதற்குள் பொறுமையிழந்து காற்று அடிக்கும் பட்டனை அமுக்குவதுதான் வழக்கமான தப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறுவது மட்டும் கூடவே கூடாது, நுரையீரல் கிழியும்.

கடைசியில், மேலேறும் வழியில் 5 மீட்டரில் நிற்கும் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தில், சிலிண்டரில் 50 பார் மீதியிருக்கும்போது பி.சி.டி.யில் காற்று அனேகமாக இல்லாமலேயே நிற்க முடிகிறதா பாருங்கள். நிறைய அடித்தால்தான் நிற்கிறது என்றால், அடுத்த டைவுக்கு ஒரு கிலோவைப் படகிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.