என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்) கிருமித் தொற்று: எங்கள் அனுபவம்

எங்கள் மகள் பினாங்கில் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு நாள் குடித்த பால் குழாய் வழியாகப் பச்சை நிறத்தில் திரும்பி வந்தது, நடுநடுவே மூச்சு நின்று நின்று மானிட்டர் அலறியது, உடம்பெல்லாம் வெளிறிப்போனது. காய்ச்சல் இல்லையே என்று கேட்டேன். குறைமாதப் பிள்ளைகளுக்குத் தொற்று வந்தால் உடம்பு சில்லென்று ஆவதும் உண்டு என்றார் டாக்டர்.

பிறந்து 72 மணி நேரம் கழித்து வருவது பெரும்பாலும் வார்டிலேயே ஒட்டிக்கொள்ளும் கிருமி. நம்பி ஒப்படைத்த இடத்திலேயே இப்படியா என்று எனக்கு ஆத்திரம் வந்தது, இன்றும் முழுசாக ஆறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்த கையோடு ஆண்டிபயாட்டிக் ஏற்றிவிட்டார்கள். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ரிசல்ட் வரும்வரை காத்திருக்க முடியாது. இரண்டு நாளில் தெரிந்தது, கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, அதுவும் வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகளைச் சிதைத்துவிடும் ஈஎஸ்பிஎல் வகை. உடனே மெரோபெனெம் என்ற வேறு ஆண்டிபயாட்டிக்குக்கு மாற்றினார்கள், ரத்தக்குழாய் வழியாக நெஞ்சு வரை போயிருந்த லைனை (மெல்லிய குழாயை) கழற்றினார்கள், மூளைச்சவ்வுக்குப் பரவியிருக்கிறதா என்று முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். பரவியிருந்தால் 21 நாள் மருந்து, ரத்தத்தோடு நின்றிருந்தால் இரண்டு வாரம் போல. அந்த நீரை எடுக்கச் சம்மதம் கேட்ட தாளில் கையெழுத்துப் போட என் கணவருக்குக் கை வரவில்லை, நான்தான் போட்டேன். நல்லவேளை, பரவவில்லை.

இன்குபேட்டரைத் தனியாக ஓரத்துக்கு நகர்த்தினார்கள். தொட வேண்டுமென்றால் கவுன், கையுறை. மோதிரம், வளையல், வாட்ச் எதுவும் கூடாது, முழங்கை வரை வெறும் கை, நகங்களுக்கு இடையிலும் தேய்த்துக் கழுவ வேண்டும். மாமியார் கறுப்புக் கயிறும் திருநீறும் கொண்டுவந்திருந்தார். மிஸ்ஸி (நர்ஸ்) தமிழ்ப்பெண், "அம்மா, கயிறு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், கிருமி அங்கதான் தங்கும். சாமி மேடையில வைங்க, பாப்பா வீட்டுக்கு வந்ததும் கட்டலாம்" என்று பொறுமையாகச் சொன்னார். மாமியார் மறுபேச்சு பேசாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பால் கறந்து கொடுப்பதை மட்டும் நான் நிறுத்தவே இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் ஐஸ் பெட்டியோடு போவேன். தாய்ப்பால் குடிக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் அழுகல் நோய் குறைவாக வருகிறது என்பதால் பால் வற்றிவிடுமோ என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

உங்கள் பிள்ளை இப்போது உள்ளே இருந்தால் தினமும் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது இதைக் கேளுங்கள்: "இந்த லைன் இன்னும் தேவையா?" லைன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. யாராவது கை கழுவாமல் தொட வந்தாலும் சொல்லிவிடுங்கள், பெரிய டாக்டராக இருந்தாலும் சரி. நான் சொன்னபோது யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அடுத்து எடுத்த கல்ச்சரில் கிருமி இல்லை. மருந்து முடிந்து, எடையும் ஏறி, வீட்டுக்கு வந்துவிட்டாள். முதலில் கொடுத்த மருந்துகளில் ஒன்று காதைப் பாதிக்கக்கூடியது என்பதால் காது பரிசோதனைக்கு மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.